மூலபாடம் எங்கே? ஒரு விளையாட்டு விதிநூலின் அச்சுப்படியும் மின்படியும்

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு கையேடுகள் ஒரே பெட்டியில் அடங்கி விற்பனைக்கு வந்தன. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடையுருட்டிக் கதையாகவே ஆடும் விளையாட்டுக்கு வணிகமுறையில் வெளியான முதல் விதிநூல். முதல் அச்சு 1,000 படிகள்.

அந்நூலில் 'ஹாபிட்' என்றோர் இனம் உண்டு. டோல்கீனின் நாவல்களிலிருந்து எடுத்தாளப்பட்டது. உரிமையாளர் தரப்பு எதிர்க்கவே, 1977 அளவில் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆயிற்று, 'என்ட்' என்னும் மர மாந்தர் 'ட்ரீயன்ட்' ஆயினர், பால்ராக் மறைந்தது. 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலுக்கும் இதே கதி. லவ்கிராஃப்ட், மூர்காக் ஆகியோரின் புனைவுலகங்களைச் சேர்ந்த பகுதிகள் பிந்தைய அச்சுகளில் நீக்கப்பட, 144 பக்க நூல் 128 பக்கமாகச் சுருங்கியது.

இவை பாட ஆய்வாளருக்கு இடர் தருவன அல்ல. இரு படிகளை அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணில் படும். எது முந்தியது என்பதையும் நிறுவலாம். புதிய அச்சு வந்ததற்காகப் பழைய படியை எவர் வீட்டு அலமாரியிலிருந்தும் யாரும் எடுத்துச் சென்றதில்லை. பழைய 144 பக்கப் படியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

மின்படி இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 'டி அண்ட் டி பியாண்ட்' என்னும் இணையத் தளத்தில் விலை கொடுத்து வாங்கப்படும் நூல், வாங்கியவரிடம் ஒரு படியாக வந்து சேர்வதில்லை; தளத்தில் அன்றன்று உள்ள பாடமே அவர் படிக்கும் பாடம். 2021 டிசம்பரில் பதிப்பு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2016இல் வெளியான 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' உள்ளிட்ட நூல்களிலிருந்து சில பத்திகளை நீக்கியபோது, மின்படியிலும் அவை நீங்கின. அச்சுப்படிகளில் அவை அப்படியே உள்ளன. விதிநூல் வெறுமனே படிப்பதற்கான நூலன்று, அதன்படி நடப்பதற்கான நூல். ஒருவர் கையில் புத்தகமும் அடுத்தவர் கையில் கைப்பேசியுமாக அமரும் மேசையில் எது விதி என்ற வழக்கு எழுவது இயல்பே.

இதனினும் கடுமையானது 2022இன் நிகழ்வு. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான 'ஸ்பெல்ஜாமர்: அட்வென்ச்சர்ஸ் இன் ஸ்பேஸ்' தொகுப்பில், ஹடோஸி என்னும் குரங்கின மாந்தருக்கு ஒரு தோற்றக் கதை கூறப்பட்டிருந்தது. மந்திரவாதி ஒருவன் அவர்களைப் பிடித்து, மருந்தூட்டி அறிவும் உருவும் பெருகச் செய்து, படையாக்கி விற்க எண்ணினான் என்றும், அவனுடைய மாணாக்கர்கள் இரங்கி விடுவித்தனர் என்றும் அக்கதை செல்லும். கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றையும் அவர்களைக் குரங்கோடு ஒப்பிட்ட இழிமரபையும் இது நினைவூட்டுவதாக வாசகர்கள் கண்டித்தனர், கண்டனம் நியாயமானதே. செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. மின்படியிலிருந்து பகுதி நீக்கப்பட்டது.

திருத்தம் வேண்டியதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தவற்றை நீக்கிய அதே செயல் தவற்றின் சான்றையும் நீக்கிவிட்டது. இனவாதம் ஒரு பெருநிறுவனத்தின் மேற்பார்வையைத் தாண்டி 2022இல் எப்படி அச்சேறியது என்று ஆராய விரும்பும் மாணவருக்கு, தளத்தில் இன்றுள்ள பாடம் உதவாது. பிழைதிருத்தப் பட்டியல் எந்தப் பகுதி நீங்கிற்று எனக் கூறும். நீங்கிய சொற்களை எடுத்தெழுதுவது அதன் வழக்கமன்று. எஞ்சும் முதன்மைச் சான்று, திருத்தத்துக்கு முன் விற்றுத் தீர்ந்த அச்சுப்படிகளே. விற்பனைக்குரிய விளையாட்டுப் பொருளென்று பல நூலகங்கள் வாங்காது விடுவதும் இத்தகைய நூல்களைத்தான்.

2024 ஆகஸ்டில் தளம் மேலும் ஓரடி வைத்தது: புதிய விதிநூலின் மந்திரங்கள், பாத்திரத் தாள்களில் பழையவற்றின் இடத்தைப் பிடிக்கும் என அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழவே, சில நாள்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2014இன் மந்திரங்கள் தப்பின. அவற்றைக் காத்தது, அவற்றைக் கொண்டு நடுவழியில் ஆடிக்கொண்டிருந்தோரின் எதிர்ப்பு. ஹடோஸிப் பத்திக்கு அப்படி வாதாட எவரும் இல்லை, இருந்திருக்கவும் கூடாது. எனவே ஸ்பெல்ஜாமரை மேற்கோள் காட்டும் ஆய்வேட்டில் '2022' என்ற ஆண்டு மட்டும் போதாது. அச்சுப்படியாயின் எத்தனையாவது அச்சு, மின்படியாயின் எந்த நாளில் பார்த்தது என்பதும் அடிக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.