ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு மூன்று

கருங்கலில் என் மேசையில் இருக்கும் மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதைத் தமிழுக்கு மாற்றிய நாளில்தான் 'லொகேல்' என்ற சொல்லைச் சந்தித்தேன். எந்த மொழி, எந்த நாடு என்று சொல்லிவிட்டால் அகரவரிசை, தேதி, நாணயம் எல்லாவற்றையும் கணினி அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும். இந்தியத் தமிழுக்கு ஒரு குறி, இலங்கைத் தமிழுக்கு வேறு குறி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த, கல்யாண அழைப்பிதழில் இன்றும் கொல்லம் ஆண்டு அச்சிடும் எங்கள் பக்கத்துக்குத் தனிக் குறி கிடையாது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். யுனிக்ஸ் உலகத்துக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் எழுத்து, வரிசை, செய்தி, பணம், எண், காலம் என்று ஆறு வகைகள்தான். குனு சி நூலகம் பின்னர் முகவரி, தொலைபேசி, தாளின் அளவு என்று கூட்டியபோது, பெயரும் ஒரு வகையாக உள்ளே வந்தது. அதன் கையேட்டைப் படித்தேன். எல்லோருக்கும் பொதுவான மரியாதைச் சொல்லுக்கு ஓர் இடம். ஆண்களுக்கு ஓர் இடம். மணமான பெண்களுக்கு ஒன்று, மணமாகாத பெண்களுக்கு ஒன்று, எல்லாப் பெண்களுக்குமாக இன்னொன்று. ஆணிடம் யாரும் கேட்காத கேள்விக்காக நமக்கு இத்தனை பெட்டி!

அந்தக் கடைசிப் பெட்டி சும்மா வந்ததல்ல. ஆங்கிலத்தில் 'மிஸ்' என்றும் 'மிஸஸ்' என்றும் பிரிக்காத 'மிஸ்.' என்ற சொல்லுக்காகப் பெண்கள் நெடுங்காலம் போராடினார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986இல்தான் அதை ஏற்றது. தமிழில் அந்தப் பெட்டியில் எதைப் போடுவது? திருமதி, செல்வி இரண்டும் தாலியைப் பார்த்துச் சொல்லும் சொற்கள். 'திருமிகு' இருக்கிறது, ஆனால் அது பொதுப் பெட்டிக்கு உரியது.

பெயரின் வடிவமும் அங்கேதான் வரையறுக்கப்படுகிறது: குடும்பப் பெயர், இட்ட பெயர். என் அம்மாவுக்குக் குடும்பப் பெயர் எது? பள்ளிச் சான்றிதழில் தாத்தாவின் எழுத்து, ரேஷன் அட்டையில் அப்பாவின் எழுத்து. ஒரே பெண், காகிதத்தில் இரண்டு பேர். பழைய இதழ்களில் பெண் எழுத்தாளர்களைத் தேடும்போதும் இதே இடத்தில்தான் திணறுகிறேன்.

லொகேல் கோப்பு வெறும் உரைக் கோப்பு. திறந்து திருத்தி, 'லொகேல்டெஃப்' கட்டளையால் தொகுத்துக்கொள்ளலாம். பெண்களுக்கான மூன்று பெட்டியிலும், ஆண்களுக்கானதிலும், 'திருமிகு' என்றே எழுதிவைத்தேன். இந்த வகையை வாசிக்கும் நிரல்கள் மிகக் குறைவு என்பது தெரிந்தேதான் செய்தேன். மறுவாரம் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நீட்டினார்கள். திருமதியா, செல்வியா என்று கேட்டார்கள். 'முனைவர்' என்று எழுதித் தப்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீன்கார அக்காவிடமும் அதையே கேட்டார்கள்.