ரத்தத் தட்டைப்புழுவும் ஓம்புயிரும்: மூலக்கூறு உறவின் வரலாறு

சிஸ்டோசோமா பேரினத்தைச் சேர்ந்த தட்டைப்புழுக்கள் மனிதரின் ரத்தக் குழாய்களுக்குள் இணை சேர்ந்து வாழ்பவை. நத்தைக் காய்ச்சல் எனப்படும் நோய்க்கு இவையே காரணம். சுமார் ஒரு செ.மீ. நீளமுள்ள இந்தப் புழு, வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் ஓயாமல் சுற்றிவரும் ரத்தத்திலேயே பல ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. முப்பது ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்ததற்கும் மருத்துவப் பதிவுகள் உண்டு. உடல் ஏன் இதை விட்டுவைக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வுத்துறை வளர்ந்தது. புழு ஒளிந்துகொள்கிறது என்பதே முதலில் கிடைத்த விடை. ஓம்புயிரின் எதிர்ப்பையே அது தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது என்பது பின்னால் தெரியவந்தது.

நோய் பழையது. எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையுள்ள முட்டைகளை மார்க் ஆர்மன்ட் ரஃபர் 1910-இல் கண்டார். புழுவை முதலில் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ். 1851-இல் கெய்ரோவில் பிணப் பரிசோதனையின்போது கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் அதைப் பார்த்தார். புழு மனிதருக்குள் நுழையும் வழி தெரிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் மியைரியும் சுசுகியும் 1913-இல் நத்தையின் பங்கை நிறுவினர். எகிப்தில் ராபர்ட் லைப்பர் 1915-இல் அதை உறுதிசெய்தார். நத்தையிலிருந்து வெளிவரும் செர்க்கேரியா என்னும் இளவுயிரி தண்ணீரில் நீந்தி வந்து தோலைத் துளைக்கிறது. தோலில் உள்ள லினோலெயிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் அதைத் தூண்டுகின்றன. புரதம் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து வழியுண்டாக்கி, வாலை உதறிவிட்டு அது உள்ளே போகிறது.

இதுவரை நடந்தது உயிரியல் துப்பறிதல். மூலக்கூறுக் கதையின் திருப்பம், என் கணிப்பில், 1969-இல் வந்தது. லண்டன் மில்ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்மிதர்ஸ், டெர்ரி, ஹாக்லி ஆகியோர் எலிக்குள் வளர்ந்த புழுக்களைக் குரங்கின் சிரைக்கு மாற்றினர். சாதாரணக் குரங்கில் அவை பிழைத்தன. எலியின் சிவப்பணுக்களுக்கு எதிராக முன்பே தடுப்பாற்றல் ஊட்டப்பட்ட குரங்கில் மடிந்தன. குரங்கின் எதிர்ப்பொருள்கள் தாக்கியது புழுவுக்குச் சொந்தமான எதையும் அல்ல, அதன் மேலிருந்த எலிச் சரக்கை! ஊர்க்காரனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் திரியும் அயலானைப் போல, புழு ஓம்புயிரின் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொள்கிறது. மனித ரத்தத்தில் வளர்க்கப்பட்ட இளம்புழுக்கள் ஏ, பி ரத்த வகைகளுக்குரிய சர்க்கரைக் கொழுப்புகளை ஏற்றுக்கொள்வது 1970-களில் தெரிந்தது. புழுவின் வெளித்தோலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சவ்வுகள் இருப்பதை 1977-இல் மெக்லாரனும் ஹாக்லியும் விளக்கினர். ரத்தத்தில் வாழாத தட்டைப்புழுக்களுக்கு இந்த அமைப்பு இல்லை.

முன்பு விளங்காத ஒன்று இதனால் விளங்கியது. உடலில் மூத்த புழுக்கள் சுகமாக இருக்க, புதிதாக நுழையும் இளம்புழுக்கள் மட்டும் அழிக்கப்படுவது குரங்குகளில் காணப்பட்டிருந்தது. போர்வை கிடைக்குமுன் வந்தவை அகப்பட்டன என்று கொள்ளலாம்.

ஆனால் நோயைத் தருவது புழு அல்ல, முட்டை. சிஸ்டோசோமா மான்சோனி வகையின் ஒரு பெண்புழு நாளொன்றுக்குச் சுமார் 300 முட்டைகள் இடுகிறது. அவை குடலின் சுவரைக் கடந்து மலத்தோடு வெளியேற வேண்டும். நகர உறுப்பேதும் இல்லாத முட்டை திசுவை எப்படிக் கடக்கிறது? ஓம்புயிரின் நோயெதிர்ப்பு அணுக்கள் முட்டையைச் சூழ்ந்து கட்டும் கிரானுலோமா என்ற கணுதான் அதைக் குடற்குழிக்குள் தள்ளிவிடுகிறது. டி அணுக்கள் குறைக்கப்பட்ட எலிகளில் முட்டை வெளியேற்றமும் குறைந்தது. மேற்குக் கென்யாவில் எச்.ஐ.வி. தொற்றால் சிடி4 அணுக்கள் குறைந்திருந்த நோயாளிகளிடமும் இதே போக்கு 1997-இல் பதிவானது. எதிர்ப்பே வாகனமாகிவிடுகிறது. வழிதவறிக் கல்லீரலில் சிக்கும் முட்டைகளைச் சுற்றி அதே கணுக்கள் நாராக இறுகி, சிரையில் அழுத்தத்தை ஏற்றி, நோயாளியை ரத்த வாந்தி வரை கொண்டுபோகின்றன.

முட்டையிடுதல் தொடங்கியதும் எலியின் டி அணு எதிர்வினை முதல் வகையிலிருந்து (Th1) இரண்டாம் வகைக்கு (Th2) திரும்புவதை 1991-இல் எட்வர்ட் பியர்ஸும் உடனிருந்தோரும் காட்டினர். அதைத் தூண்டும் முக்கிய மூலக்கூறு ஒமேகா-1 என்பதை 2009-இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டன. அது ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி. தன் மீதுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் உதவியால் ஓம்புயிரின் அணுவுக்குள் புகுந்து அங்கே புரத உற்பத்தியை மந்தமாக்குகிறது.

புழு வளரவும் ஓம்புயிரின் குறிப்புகள் தேவை. ஓம்புயிரின் டிஎன்எஃப் என்ற புரதம் முட்டையிடுதலைத் தூண்டுகிறது என்று 1992-இல் வந்த அறிக்கையைப் பிந்திய ஆய்வுகள் ஒருமுகமாக ஏற்கவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு அணுக்கள் அற்ற எலிகளில் புழுக்கள் குன்றிப்போவது 2001-இல் காட்டப்பட்டது. 2009-இல் வெளியான மரபணுத் தொகுப்பு இன்னொரு சார்பைத் தெளிவாக்கியது: கொழுப்பு அமிலங்களையும் ஸ்டெரால்களையும் புழுவால் தானே ஆக்க முடியாது, கடன் வாங்கியே தீர வேண்டும்.

நத்தையும் சும்மா இருப்பதில்லை. பயோம்ஃபலேரியா நத்தையின் குருதிநீரில் உள்ள சில புரதங்கள் ஒட்டுண்ணியின் மூலக்கூறுகளைப் பற்றிப் படியவைப்பதை 1997-இல் அடெமா, லோக்கர் குழு கண்டது. அவை ஒரே நத்தைக்குள்ளும் வியக்கத்தக்க வகையில் வேறுபடுகின்றன.

ரத்தத்தில் வாழாத உறவினங்களும் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை மீனுணவு வழியே பித்தநாளத்தில் குடியேறும் ஒபிஸ்தார்கிஸ் விவெரினி, மனிதருக்குப் புற்றுநோய் தரும் முகவர் என்று 1994-இல் வகைப்படுத்தப்பட்டது. அது சுரக்கும் கிரானுலின் என்னும் வளர்ச்சிப் புரதம் ஓம்புயிரின் அணுக்களைப் பெருகவைக்கிறது. தமிழ்நாட்டுக்கும் ரத்தத் தட்டைப்புழுக் குடும்பம் அந்நியமல்ல. மாட்டின் மூக்குச் சிரைகளில் வாழ்ந்து குறட்டை போன்ற ஓசையோடு மூச்சுவிட வைக்கும் சிஸ்டோசோமா நாசாலே, சென்னை மாகாணத்து மாடுகளை ஆராய்ந்த எம். ஏ. என். ராவ் 1933-இல் விவரித்த இனம்.

இத்தனை அறிந்தும் தடுப்பூசி கைகூடவில்லை. பிரான்சின் லீல் நகரில் ஆந்த்ரே காப்ரோன் குழு உருவாக்கிய பில்ஹ்வாக்ஸ் தடுப்பூசி செனகல் குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. எதிர்ப்பொருள்கள் உருவாகியும் நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2018-இல் முடிவு வெளியானது. கையில் இருக்கும் முதன்மை மருந்து 1970-களில் பிறந்த பிராசிகுவான்டெல் ஒன்றுதான். அது புழுவின் தோலைச் சிதைத்து மறைந்திருந்த ஆன்டிஜென்களை வெளிக்காட்டுகிறது, மீதி வேலையை எதிர்ப்பொருள்கள் செய்கின்றன. எதிர்ப்பொருள் உண்டாக்க இயலாத எலிகளில் இம்மருந்தின் வீரியம் குறைவதை 1987-இல் பிரிண்ட்லியும் ஷெரும் காட்டினர். 2021-இல் 25 கோடிக்கும் அதிகமானோருக்குத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த மாத்திரை புழுவின் எந்தப் புரதத்தைத் தொடுகிறது என்பது 2019-இல்தான் தெரிந்தது: அயனிகளைக் கடத்தும் ஒரு டிஆர்பிஎம் கால்வாய்ப் புரதம்.