சீனத்துப் பிரமிடுகள்: வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறு



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இப்போது அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சீனாவில் ஆயிரம் அடி உயரத்தில் ஒரு வெள்ளைப் பிரமிடு இருக்கிறதாம், வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாம், சீன அரசு அதன்மேல் மரம் நட்டு மறைத்து வைத்திருக்கிறதாம். கூடவே ஒரு வரி: "சார், ஆறாம் வகுப்புல நீங்க சொன்னது இதுதானே? என் பையன்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எகிப்துப் பாடம் நடத்தும்போது, ஏதோ ஒரு வார இதழில் படித்ததை வைத்துக்கொண்டு, "எகிப்தைவிடப் பெரிய பிரமிடு சீனாவில் இருக்கிறது" என்று நான் சொன்னது உண்மைதான். ஒரு வகுப்பில் இல்லை, பல ஆண்டுகள் சொன்னேன். அது தவறு. அந்தப் பையன் நம்பாததே சரி. ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த ஆயிரம் அடிக் கதை எங்கிருந்து வந்தது? 1947 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. மாரிஸ் ஷீஹான் என்ற அமெரிக்க விமான நிறுவன அதிகாரி, ஷியான் நகருக்குத் தென்மேற்கே விமானத்தில் போகும்போது சுமார் 1,000 அடி உயரமுள்ள பிரமிடைப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த சில நாட்களில் படமும் வெளியானது. உலகமே வியந்தது. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அந்தப் படத்தில் இருப்பது எது என்று கண்டுபிடித்தார்கள். அது ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் கல்லறை மேடு. பெயர் மாவ்லிங். அதன் உண்மையான உயரம் சுமார் 46 மீட்டர், அதாவது 150 அடி. விமானத்தில் இருந்து பார்த்த கண்ணுக்கு 150 அடி ஆயிரம் அடியாகிவிட்டது!

அது யாரும் அறியாத இடமும் இல்லை. விக்டர் செகலென் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1914ஆம் ஆண்டிலேயே இந்தப் பகுதியின் கல்லறை மேடுகளை நேரில் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார். இன்று மாவ்லிங் அருகே அருங்காட்சியகம் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் போய் வருகிறார்கள். ஒளித்து வைத்த இடத்துக்கு யாராவது டிக்கெட் விற்பார்களா? மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவை மண்மேடுகள். மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும், மழைக்குக் கரையாது. நம் ஏரிக்கரையில் மரம் வைப்பது எதற்கோ, அதற்குத்தான்.

எகிப்துப் பிரமிடு கல்லால் கட்டியது. ஷியானைச் சுற்றியுள்ள இந்த மேடுகள் மண்ணால் ஆனவை. மண்ணை ஒரு அடுக்குக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படியே ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். மாவ்லிங் வேலை கி.மு. 139இல் தொடங்கி, கி.மு. 87இல் பேரரசர் வூ இறக்கும் வரை நடந்தது. அதன் அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். எகிப்தின் பெரிய பிரமிடின் அடியும் ஏறக்குறைய அதே அளவுதான். உயரத்தில்தான் வித்தியாசம். எகிப்துப் பிரமிடு கட்டியபோது 146 மீட்டர் இருந்தது.

இந்த வூ காலத்தைப் பற்றி நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஹான் வரலாற்று நூலில் "ஹுவாங்ஜி" என்று ஒரு தொலைதூர நாடு வருகிறது. வூ காலம் முதல் அந்த நாட்டுத் தொடர்பு இருந்ததாகவும், சீனர்கள் பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் பளிங்கும் வாங்கி வந்ததாகவும் எழுதியிருக்கிறது. அந்த ஹுவாங்ஜி நம் காஞ்சிபுரம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. மறுப்பவர்களும் உண்டு. அதனால் முடிந்த முடிவாக யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை பட்டது போதும் எனக்கு!

இப்போது உண்மையான மர்மத்துக்கு வருவோம். மாவ்லிங்குக்கும் முந்தையது, சீனாவை ஒன்றுபடுத்திய முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை. அவர் இறந்தது கி.மு. 210இல். சுமார் நூறு ஆண்டு கழித்து சிமா சியென் என்ற வரலாற்றாசிரியர் அதைப் பற்றி எழுதினார். ஏழு லட்சம் பேர் வேலை செய்தார்களாம். உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்தார்களாம். திருட வருபவர் மேல் தானாக அம்பு எய்யும் பொறிகள் வைத்தார்களாம். கட்டுக்கதை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 1980களில் அந்த மேட்டின் மண்ணைச் சோதித்தபோது, நடுப்பகுதியில் பாதரசத்தின் அளவு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு எழுதிய சிமா சியென், களிமண் படையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. 1974இல் விவசாயிகள் சிலர் கிணறு தோண்டும்போதுதான் அந்தச் சுடுமண் வீரர்கள் வெளிப்பட்டார்கள். மேட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் கிழக்கே, சுமார் எட்டாயிரம் சிலைகள் இருக்கும் என்கிறார்கள்.

அப்படியானால் அந்த மேட்டையும் தோண்டிப் பார்க்க வேண்டியதுதானே? விஷ அம்புக்குப் பயந்து தோண்டவில்லை என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதுவும் தவறு. முக்கியமான காரணம் வேறு, அது கொஞ்சம் வேதனையானது.

1956இல் பெய்ஜிங் அருகே டிங்லிங் என்ற கல்லறையைத் தோண்டத் தொடங்கினார்கள். அது மிங் வம்சத்துப் பேரரசர் வான்லியும் அவருடைய இரண்டு அரசிகளும் அடக்கம் செய்யப்பட்ட இடம். உள்ளே அருமையான பட்டுத் துணிகள் இருந்தன. காற்றுப் பட்டதும் அவை நிறம் மாறின, விறைத்துப் போயின. அவற்றைக் காப்பாற்றும் முறை அன்று தெரியவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1966இல் கலாசாரப் புரட்சியின்போது, செங்காவலர்கள் மூவரின் எலும்புகளையும் வெளியே இழுத்துப் போட்டு எரித்துவிட்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பூமிக்குள் பத்திரமாக இருந்தது, மேலே வந்து பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை.

களிமண் வீரர்களுக்கும் அதே கதைதான். அவர்கள் மேல் சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணம் பூசியிருந்தது. மண்ணிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் அடியில் இருந்த அரக்குப் பூச்சு காய்ந்து சுருண்டு, வண்ணத்தோடு உதிர்ந்தது. அதனால்தான் பேரரசர்களின் கல்லறைகளைத் தாமாக முன்வந்து தோண்டுவதில்லை என்று சீனா முடிவெடுத்தது. பாதுகாக்கும் அறிவு வளரட்டும், அதுவரை மண்ணே காக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். திறக்க முடிந்தும் திறக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

தோண்டாமலேயே தெரிந்துகொள்வதும் நடக்கிறது. பேரரசர் வூவின் தாத்தா பேரரசர் வென். அவர் கல்லறை "பீனிக்ஸ் வாய்" என்ற குன்றில் இருப்பதாகப் பல நூறு ஆண்டுகள் நம்பினார்கள். அங்கே கல்வெட்டுகூட நட்டிருந்தார்கள். ஆய்வு செய்து பார்த்தால் அது வெறும் இயற்கைக் குன்று! உண்மையான கல்லறை பக்கத்திலுள்ள ஜியாங்சுன் கிராமத்தில், மேலே மேடு எதுவும் இல்லாமல் இருக்கிறது என்று 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். கல்லில் வெட்டிய பிழையையே திருத்துகிறார்கள். கரும்பலகையில் நான் எழுதிய பிழையைத் திருத்த எனக்கென்ன வெட்கம்?

ஆகவே, என்னிடம் படித்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். வெள்ளைப் பிரமிடு என்று ஒன்று இல்லை. உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருந்தால், வாத்தியார் தவறாகச் சொல்லிவிட்டார் என்றே சொல்லுங்கள். வீடியோ அனுப்பிய தம்பி, உன் மகனிடம் நான் பாராட்டினேன் என்று சொல். "ஏன் நம்பவில்லை?" என்றும் கேட்டு எனக்கு எழுது. அவன் பதிலைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

இதிலும் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்