சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்: 1941 கிள்ளான் வேலைநிறுத்தம்

மலாயாத் தோட்டத் தமிழர்கள் முதன்முறையாக ஒன்றுதிரண்டு நடத்திய பெரும் போராட்டம் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட அந்தப் போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. பள்ளி வரலாற்றுப் பாடங்களில் அதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் ரப்பருக்குத் தேவை கூடியது. கம்பெனிகளுக்கு லாபமும் கூடியது. பால்மரம் வெட்டிய தமிழரின் நாள்கூலி மட்டும் 50 காசு அளவிலேயே கிடந்தது. அரிசி விலை ஏறியது. அதே வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூடுதலாகப் பெற்றார்கள். அவர்கள் 1937இல் காஜாங், பகாவ் பகுதிகளில் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக்கொண்டதைத் தமிழர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. கேட்டவுடன் ஊரிலிருந்து புது ஆள் கொண்டுவர முதலாளிகளால் முடியவில்லை. 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கமும், 1937இல் நேரு மேற்கொண்ட மலாயாப் பயணமும் தோட்டங்களில் அரசியல் பேச்சைக் கொண்டுவந்தன.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியர். கூலி உயர்வு கேட்டு ஆண்டின் தொடக்கத்திலேயே ஆங்காங்கே வேலை நின்றது. கூலி ஓரளவு உயர்ந்தும் அமைதி திரும்பவில்லை. காரணம், தொழிலாளர்களின் 12 கோரிக்கைகளைப் படித்தால் விளங்கும்.

சீனருக்கு இணையான கூலி அவற்றுள் ஒன்றுதான். பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோதல், 10 முதல் 12 மணி நேர வேலைக்கு முடிவு, குறை சொன்னவரைப் பழிவாங்காமை என்று பட்டியல் நீண்டது. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசுவோரை நியமிக்கச் சொன்னார்கள். கிராணிகளில் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமாக இருந்த காலம் அது. ஆகவே கோபம் வெள்ளைக்காரத் துரைமீது மட்டும் இருக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அந்தப் பட்டியலில் துரைமார்களை அதிகம் உறுத்தியிருக்கக்கூடியது காசு செலவில்லாத ஒரு கோரிக்கை: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்லும் உரிமை. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளிலிருந்து தினமும் இறங்கி நிற்பவனுக்குத்தான் அதன் வலி தெரியும். தொழிலாளர்கள் காந்தித் தொப்பி அணியத் தொடங்கியதையும் நிர்வாகங்கள் கீழ்ப்படியாமையாகவே பார்த்தன.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டத்தை அடக்க எடுத்த அந்த நடவடிக்கை, அதை ஊதிப் பெரிதாக்கியது. அவரை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகவில்லை. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. போலீசுக்குத் துணையாக இராணுவம் வந்தது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், பலர் கப்பலேற்றப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாத இறுதிக்குள் போராட்டம் அடங்கிவிட்டது.

ஏழு மாதங்களில், டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. துரைமார்கள் தோட்டங்களைவிட்டு வெளியேறினார்கள். தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். போர் முடிந்து வெள்ளையர் திரும்பியபோது கள்ளுக்கடைகளும் திரும்பின. 1947இல் கெடா, பீடோங் பக்கத்தில் தொண்டர் படை இளைஞர்கள் அந்தக் கடைகளை எதிர்த்து மறியலில் இறங்கினார்கள். அங்கும் போலீஸ் வந்தது.