பிடியும் துருவும்

இரும்பின் சரித்திரத்தை நாம் பிடியில்லாமலே எழுதி வந்திருக்கிறோம். 1876-ல் யாகோர் ஆதிச்சநல்லூரிலிருந்து பெர்லினுக்கு எடுத்துப்போனவை, பின்னால் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்து 1915-ல் பட்டியல் போட்டவை எல்லாவற்றிலும் வாளும் ஈட்டிமுனையும் கத்தியும் இருக்கின்றன. பெரும்பாலும் இரும்பு மட்டும். மரத்துக்குள் செருகவென்று அடித்து நீட்டிய வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவ்வியிருந்த மரம் மண்ணாகிவிட்டது. மரத்தைப் பிடித்திருந்த கையும்தான்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோயிற்று. நாம் யாரைவிட மூத்தவர் என்ற சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கப்படவில்லை. அந்த வருஷக் கணக்கு இரும்பு சொன்னதல்ல. கூடக் கிடைத்த கரி சொன்னது. மரம்தான் சாட்சி. ஆனால் எரிந்த மரம்.

எரியாத மரமும் சில சமயம் சாட்சி சொல்லும். புதைந்த கத்தியின் பிடி மக்குவதற்குள் இரும்பின் துரு அதன் இழைகளில் ஊறி இறுகிவிட்டால், மரம் போன பிறகும் இழையின் வடிவம் துருவில் நிற்கும். என்ன மரம் என்றுகூட மைக்ராஸ்கோப்பில் சொல்லிவிடலாம். ஆகவே பழைய இரும்பைப் பளபளப்பாக்குகிறேன் என்று சுரண்டுகிறவன், பிடியைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே வாக்குமூலத்தையும் சுரண்டியெடுத்துவிடுகிறான். கல்வெட்டுச் சுவர்களை மணல் பீய்ச்சிக் கழுவி எழுத்தை மழுங்கடித்த நம் கோயில் திருப்பணிக்காரர்கள் செய்ததும் இதே காரியம்தான்.

ரஸ்கின் 1849-லேயே புதுப்பித்தல் என்பது பொய் என்று கோபப்பட்டார். 1877-ல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காக்கச் சங்கம் அமைத்தபோது, அதற்குச் செல்லமாக வந்து சேர்ந்த பெயர் ‘சுரண்டல் எதிர்ப்பு’. மாரிஸ் கேட்டது அன்றாடப் பராமரிப்பை; புது மெருகை அல்ல. கட்டடத்தைப் பொறுத்தமட்டில் இது நியாயமாகப் படுகிறது. சிதிலமான மண்டபத்திலும் ஒருவன் மழைக்கு ஒதுங்கலாம். பிடி கழன்ற கத்தியில் வெங்காயம்கூட நறுக்க முடியாது. வெட்டாத கத்தியைக் கத்தி என்று எவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவமாக வரவில்லை. உறவுக்காரர் ஒருவரின் கிராமத்து வீட்டுப் பரணிலிருந்து ஒரு கத்தி என்னிடம் வந்து சேர்ந்தது. கொல்லன் பட்டறைச் சாமான் அல்ல. வீட்டிலேயே யாரோ கையில் கிடைத்ததைக் கொண்டு செய்தது. துருவைக் கொஞ்சம் நீக்கியதும் ஒரு பக்கத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அது முன்பு ஓர் அரம். அரத்து இரும்பு கடினமானது, ஆனால் நொறுங்கும். அதை நெருப்பில் பழுக்கவைத்து, சாம்பலில் மெல்ல ஆறவிட்டால்தான் வளையும், தேயும். பிறகு மறுபடி காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுக்க வேண்டும். இந்த ஆள் முதல் பாதியைச் சரியாகச் செய்திருக்கிறார். தோய்ச்சல் நுனிப் பக்கம்தான் ஏறியிருக்கிறது. பிடியருகே விளிம்பு இன்னமும் மெத்தென்றிருக்கிறது. பிடி, இரண்டு மரத்துண்டுகளைக் கம்பி சுற்றிக் கட்டியது. வலது கைக்காரனுக்குக் கட்டைவிரல் விழாத பக்கத்தில் ஒரு பள்ளம். இடது கை. எத்தனையோ வருஷம் ஒரே இடது கை.

சாணைக்காரரிடம் கொடுத்திருந்தால் அரை மணியில் கண்ணாடியாக்கித் தந்திருப்பார். கோடுகளும் போயிருக்கும், சக்கரத்துச் சூட்டில் நுனியில் இருந்த தோய்ச்சலும் போயிருக்கும். புளித்தண்ணீரில் ஊறப்போடுவதும் எனக்கு உவப்பில்லை. துருவைத் தின்ற கையோடு அது இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும், பொறுமையும்தான். உதிருகிற சிவப்பை எடுத்தேன், ஒட்டியிருந்த கறுப்பை விட்டேன். புதுப் பிடிக்குக் கருவேலங்கட்டை. அதில் துளை போட்டு, கத்தியின் அலகை ஈரத் துணியால் சுற்றிவிட்டு, வாலை மட்டும் சிவக்கக் காய்ச்சி உள்ளே இறக்க வேண்டும். ஈரத் துணி இல்லாவிட்டால் சூடு விளிம்புவரை ஓடிவிடும். இரும்பு வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போயிற்று என்று பொருள். மிச்ச இடைவெளிக்கு அரக்கும் செங்கல் பொடியும். கழுத்தில் பித்தளைப் பூண்.

பழைய பிடியின் பள்ளத்தைப் புதியதில் நான் குடையவில்லை. அது அவர் கையின் காரியம். என் கை அதை நடிக்கக் கூடாது. பழைய துண்டுகள் கம்பியோடு ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன. எங்கள் வங்கியில் பேரேட்டைக் கையால் எழுதிய காலத்து விதியை மூத்தவர்கள் சொல்வார்கள்: தப்பான எண்ணை அழிக்காதே, அது படிக்கும்படி ஒற்றைக் கோடு போடு, மேலே சரியானதை எழுது, பக்கத்தில் கையெழுத்திடு. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் நிறுத்தியதும் இதே நாணயத்தால்தான்.

அவர் 1894-ல் பதிப்பித்த புறநானூற்றின் 95-ஆம் பாட்டைப் பழித்துப் புகழ்தலுக்கு உதாரணமாகவே வகுப்பில் நடத்துகிறார்கள். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய படைக்கலங்களைப் பார்க்கிறாள்: மயிற்பீலி, மாலை, திருத்திய காம்பு, நெய்ப் பூச்சு, காவலுள்ள பெரிய கட்டடம். அதியமானுடையவையோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. தொண்டைமானின் கட்டடம் ஒரு மியூஸியம். காட்சிப் பெட்டி மட்டும்தான் குறை. வீரத்தை ஒதுக்கிவிட்டு ஆயுதங்களை மட்டும் பார்த்தால், இரண்டு ஊரிலும் ரிப்பேர் நடக்கிறது. ஓர் இடத்தில் பார்ப்பதற்காக. இன்னோர் இடத்தில் மறுபடி உடைவதற்காக. கொட்டிலில் இருக்கும் கொல்லனைப் பற்றி ஔவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முனையை நீட்டுவதற்குமுன் எதை எடுத்தான், எதை விட்டான், பழைய காம்பை அடுப்பில் போட்டானா என்றெல்லாம் கேட்க எனக்கு ஆசை.

என் கத்திக்கு நெய் கட்டுப்படியாகாது. தேங்காயெண்ணெய் தடவுகிறேன். பூணுக்குக் கீழே கருவேலம் இப்போதே கறுக்க ஆரம்பித்திருக்கிறது, வலது பக்கமாக.