மறைவுத் தாழொலிபெருக்கி

மறைவுத் தாழொலிபெருக்கி என்பது தானுந்தின் (கார்) இருக்கைக்கு அடியிலோ, மாற்றுச் சக்கரக் குழியிலோ, டிக்கியின் பக்கச் சுவருக்குள்ளோ வெளியில் தெரியாதவாறு பொருத்தப்படும் சப்வூஃபர் ஆகும். ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண் ஒலிகளை மட்டும் இது எழுப்புகிறது. வாகனத்தை வாங்கிய பின் உரிமையாளர் தனியாகப் பொருத்திக்கொள்ளும் கருவிகளையே இப்பெயர் பெரும்பாலும் குறிக்கும். சென்னையில் தானுந்துத் துணைப்பொருள் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்குள்ள கடைகளில் "ஊஃபர்" என்று கேட்டாலே விளங்கும். மின்னணு உதிரிகளைத் தனியாகத் தேடுவோர் ரிச்சி தெருவுக்குச் செல்வர்.

மறைக்க இயல்வது ஏன்

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். எனவே 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம். மனிதரின் இரு காதுகளுக்கும் இடையிலான தொலைவு 20 சென்டிமீட்டர் அளவே இருப்பதால், இவ்வளவு நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதுகளால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. கருவி இருக்கைக்கு அடியில் இருந்தாலும், தாழொலி முன்பக்க ஒலிபெருக்கிகளிலிருந்தே வருவதாகக் கேட்பவர் உணர்வார். ஆனால் 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியும் இக்கருவிக்குள் நுழைந்தால் இந்த மயக்கம் கலைந்துவிடும். தளர்ந்த நெகிழிப் பலகையோ எண் பலகையோ அதிர்ந்து கடகடத்தாலும் அவ்வாறே. ஆகவே வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அளவில் அமைப்பது வழக்கம்.

வாகனத்தின் உள்ளறையும் இதற்குத் துணை செய்கிறது. உள்ளறையின் நீளம் 2.5 மீட்டர் எனக் கொண்டால், ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரை அலை கூட அதற்குள் அடங்காது. அந்நிலையில் ஒலி அலையாகப் பரவாமல், அறை முழுவதும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் அழுத்தமாகவே செயற்படும். கோட்பாட்டின்படி அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் இதனால் 12 டெசிபல் வரை மிகுதி கிடைக்கும். கதவு இடுக்குகளாலும் உலோகத் தகடுகளின் நெகிழ்வாலும் நடைமுறையில் இது குறைவு. மூடிய சிறு பெட்டியின் ஒலி அதே 12 டெசிபல் வீதத்தில் தேய்வதால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. வீட்டு அறையில் மெலிந்து ஒலிக்கும் பெட்டி தானுந்தில் நிறைவாக ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

தானுந்து வானொலியை 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் கால்வின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்கர் வில்ச்சூர் 1954-இல் அறிமுகப்படுத்திய மூடிய பெட்டி முறையில், உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில்லாகப் பயன்படுகிறது; சிறிய பெட்டியிலிருந்தும் தாழொலி பெற இது வழிவகுத்தது. ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும் முறையை ஆத்திரேலியாவில் நெவில் தீல், ரிச்சர்டு சுமால் ஆகியோர் 1960களிலும் 1970களிலும் வகுத்தனர். வெப்பம் குறைவாக வெளிவிடும் டி-வகுப்புப் பெருக்கிகள் பரவிய பின்னரே, பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் ஒரே தட்டையான பெட்டியில் அடக்குவது எளிதாயிற்று.

பொருத்தும் இடங்கள்

இந்தியாவில் மிகவும் பரவலானது இருக்கைக்கு அடியில் வைக்கும் வகை. பயோனியர், சோனி, கென்வுட், ஜேபிஎல் முதலிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்துள்ளன. ஒலிபெருக்கியின் விட்டம் பெரும்பாலும் 8 அங்குலம். டிக்கியில் இயற்கை எரிவாயு உருளை பொருத்தப்பட்ட வண்டிகளுக்கு இதை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. முன்னிருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்கும் இருக்கைப் பட்டைக்கும் உரிய மின் இணைப்புகள் செல்கின்றன. மஞ்சள் நிற இணைப்பிகளைத் தொடவே கூடாது. சில வண்டிகளில் பின்னிருக்கையினருக்கான குளிர்காற்றுக் குழாயும் அங்கேதான் உள்ளது.

மாற்றுச் சக்கரக் குழியில் (ஸ்டெப்னி) பொருத்தினால் பெரிய ஒலிபெருக்கிக்கு இடம் கிடைக்கும். சக்கரத்தின் நடுவில் உட்காரும் வட்ட வடிவக் கருவிகளும் உண்டு. சக்கரத்தையே எடுத்துவிட்டுப் பெட்டி வைப்பது நல்ல யோசனை அன்று. பக்கச் சுவருக்குள் கண்ணாடியிழையால் வார்க்கப்படும் பெட்டி அழகானது. ஆனால் ஒரு வண்டிக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மின் இணைப்பு

கருவியைக் காட்டிலும் கவனம் வேண்டுவது அதற்குச் செல்லும் கம்பி. 150 வாட் தொடர் திறனும் 80 விழுக்காடு செயல்திறனும் கொண்ட பெருக்கி, 13.8 வோல்ட்டில் முழு ஒலியின்போது ஏறத்தாழ 14 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். எனவே சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்தோ ஸ்டீரியோவின் பின்புறத்திலிருந்தோ மின்சாரம் எடுக்காமல், மின்கலத்திலிருந்து (பேட்டரி) தனிக் கம்பி இழுக்கப்படுகிறது. மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அக்கம்பியில் மின்னுருகி (ஃபியூஸ்) இருக்க வேண்டும். பெருக்கியிலேயே ஒரு மின்னுருகி இருப்பதால் இது தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகின்றனர். பெருக்கியில் உள்ளது பெருக்கியை மட்டுமே காக்கும். எஞ்சின் அறைத் தகட்டுத் துளையில் கம்பியின் உறை உராய்ந்து உடலுலோகத்தைத் தொட்டால், அந்தக் குறுஞ்சுற்று மின்னோட்டம் பெருக்கியின் வழியே செல்வதில்லை. மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அக்கம்பியில் கொட்டும்; விரிப்புக்கு அடியில் கம்பி பழுத்துத் தீப்பற்றும். துளைகளில் இரப்பர் வளையம் இடுவதும் இதன்பொருட்டே.

எதிர்முனைக் கம்பி, வண்ணப்பூச்சு சுரண்டப்பட்ட உலோகத்தில் அருகிலேயே இறுக்கப்படும். பெசன்ட் நகர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இவ்விணைப்பு விரைவில் துருப்பிடிக்கும். மசகு பூசுவது நல்லது. இணைப்பு தளர்ந்தால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் கேட்கலாம். நிறுவனமே பொருத்திய ஸ்டீரியோவை மாற்ற விரும்பாதவர்கள், அதன் ஒலிபெருக்கிக் கம்பிகளிலிருந்தே குறிகையைப் பெறும் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மழைநீர்

வண்டித் தளத்தில் கிடப்பதால் நீர் புகுந்தால் முதலில் நனைவது இக்கருவியே. 2015 திசம்பரில் அடையாறு ஆறு கரைபுரண்டபோதும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. தியாகராய நகரின் தாழ்வான தெருக்களில் சாதாரணப் பெருமழைக்கே நீர் தேங்குவதுண்டு. நீர் ஏறத் தொடங்குமுன் மின்கலத்தருகே உள்ள மின்னுருகியைக் கழற்றிவிட்டால் கம்பியில் மின்சாரம் இராது. நனைந்த பெட்டியை உலர்த்திச் சோதிக்காமல் மீண்டும் இணைக்கக் கூடாது.

இசையும் அண்டை வீட்டாரும்

ஒரு கட்டை சுருதியில் தம்பூராவின் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். கருநாடக இசைக்கு அதற்குக் கீழ் அதிகம் தேவைப்படுவதில்லை. மின்னணுத் தாளங்கள் நிறைந்த திரையிசையில் 40 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் உண்டு. மயிலாப்பூர் சபாக்களுக்குச் செல்லும் ரசிகர் ஒலியளவைச் சற்றுத் தணித்து வைத்தாலே போதும்.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. மருத்துவமனை, பள்ளி முதலியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலங்களில் இது 50, 40 ஆகும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆயினும் இவ்விதிகள் பின்பற்றும் ஏ-எடை அளவுகோல், 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே கணக்கிடுகிறது. தாழொலி சுவர்களையும் சன்னல்களையும் எளிதில் கடப்பது. ஆகவே குறுகிய மாடவீதியொன்றில் நிற்கும் வண்டியின் அதிர்வு முதல் மாடியில் உறங்குபவரை எழுப்பினாலும், தெருவில் வைத்த ஒலிமானி வரம்பு மீறப்படவில்லை என்றே காட்டக்கூடும்.