காமரூபத்துக் காரகில் நெய்

அகிற்புகையை அறிந்த நாம், அகில் நெய்யின் பெருமையை அறியக் காமரூபமாகிய இன்றைய அஸ்ஸாமுக்குச் செல்லவேண்டும். 7ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மன்னர் பாஸ்கரவர்மர் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளுள், பருத்த மூங்கிற் குழாய்களில் அடைத்த காரகில் நெய்யும் இருந்தது என்று பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் உரைக்கின்றார். அகிற்பட்டையில் எழுதிய சுவடிகளும் உடன் சென்றனவாம்!

நலமாக நிற்கும் அகில்மரம் வெளிறியது, மணமற்றது. புழு துளைத்துப் பூஞ்சை பற்றிய இடத்திலேதான், மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் கறுத்து மணக்கின்றது. அக்கட்டையை நீரில் ஊறவைத்து வாலையில் வடிப்பர். நன்னெய்யில் ஒரு துளியை மணிக்கட்டில் தடவிப் பொறுத்திருத்தல் வேண்டும். முதலில் எழும் காட்டம் மெல்ல அடங்கிய பின்னரே இனிமை தோன்றும். அவசரக்காரரோ அதற்குள் குப்பியை மூடிவிடுகின்றனர்.

எம்மரத்துள் மணம் உண்டென்று வெளியே எளிதில் தெரியாது. ஆதலின் வெறும் மரங்களும் வெட்டுண்டன. காட்டில் அகில் அருகவே, 1995இல் அதன் வாணிகத்திற்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு வந்தது.